முரசுமோட்டையிலிருந்து ஒரு மூளை

வீரகத்தி சீட்டாடிவிட்டு வீடு வந்து சேர்ந்தபோது, பிறந்ததிலிருந்து சீட்டையே தொடாத மனிதர் என்று அவருடைய பெயரைக் கொடுத்து முடித்திருந்தாள் மனைவி சிவனேஸ்வரி.

முற்றத்து மாமரத்தின் கீழே கதிரை போட்டு, கண்ணாடி அணிந்த ஒரு பெண் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். வீரகத்தி வாசல் படலையடியிலேயே நின்று தலைமயிரைத் தட்டிவிட்டார். அரிசி ஆலைக்குப் பின்னால் இருக்கும் உமிக் கொட்டிலில் சீட்டாடிவிட்டு எழும்பி வருகிற எவருக்கும் அந்தப் பழக்கம் இருந்தது.

"இந்தா, ஆளே வந்திட்டார்," என்றாள் சிவனேஸ்வரி. "இவர்தான் மிஸ் நான் சொன்னது. காட்ஸ் கட்டு என்ன நிறமெண்டும் தெரியாத மனுசன்."

அந்தப் பெண் எழுந்து வணக்கம் சொன்னாள். பெயர் சாரங்கா. பல்கலைக்கழகத்தில் மூளையைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள்.

"சூதாடேக்க மனிசர் என்னெண்டு முடிவெடுக்கினம் எண்டு பாக்கிறம் ஐயா. கிளிநொச்சியில ஒரு ஸ்கான் நிலையத்தில மெசின் எடுத்திருக்கிறம். நீங்கள் அதுக்குள்ள படுத்துக்கொண்டு சின்னதா ஒரு காட்ஸ் விளையாட வேணும். விளையாடேக்க மூளையில எந்தப் பக்கம் வேலை செய்யுதெண்டு நாங்கள் படம் எடுப்பம். சூதாடுற ஆக்கள் தாராளமா வருகினம். சூதாடாத ஆக்களைத்தான் தேடித் திரியிறம்."

"மூளைக்குள்ள இருக்கிறது படத்தில வருமோ?" என்று கேட்டார் வீரகத்தி.

"வடிவா வரும் ஐயா. கலராவே வரும்."

வீரகத்தி படலைப் பக்கமாக ஓரடி பின்வைத்தார். காரணம் இருந்தது. சில வருடங்களுக்கு முன்னர், நல்லாக ஓடிக்கொண்டிருந்த லான்ட் மாஸ்டர் உழவு மெசினை முன்னூற்றிநாலு என்கிற சீட்டு விளையாட்டில் வைத்துத் தோற்றுவிட்டு, வயலிலிருந்து வெறுங்கையோடு நடந்து வந்தவர் அவர். சிவனேஸ்வரி அன்றைக்குச் சத்தம் போடவில்லை. உடுப்புப் பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு, "நாகதம்பிரான் கோயிலுக்கு நடவுங்கோ, இல்லையெண்டால் நான் அம்மா வீட்டை நடக்கிறன்," என்று மட்டும் சொன்னாள். கோயிலில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தார். அதன்பின் ஒரு போகம் முழுக்க சீட்டைத் தொடவேயில்லை. வயலில் கயிறு கிடந்தாலும் பாம்பென்று பாய்ந்து திரிந்தார். அடுத்த போகத்தில் பயம் கொஞ்சம் தெளிந்தது. உமிக் கொட்டிலும் அப்போதுதான் காலியாகியிருந்தது.

"எனக்கு இப்ப வயலில வேலை, பிள்ளை," என்றார்.

"வயல் வேலை முடிஞ்சுதுதானே," என்றாள் சிவனேஸ்வரி. "அருவி வெட்டும் முடிஞ்சு, நெல்லும் காய்ஞ்சு, நீங்கள் சும்மாதானே இருக்கிறியள். பிள்ளை பாவம், ஆள் தேடி அலையுது."

வீரகத்தி சரியென்று தலையாட்டினார்.

மறுநாள் உமிக் கொட்டிலில் விஜிதரனிடம் இதைச் சொன்னார். விஜிதரன் ஓட்டோ ஓடுகிறவன். முன்னூற்றிநாலில் வீரகத்தியின் சோடி. ஆறுதலாகச் சீட்டைக் கலைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தவன், சிரிக்கத் தொடங்கினான்.

"இதுக்கோ அண்ணை யோசிக்கிறியள்? அந்த மெசின் பெரிய காந்தம். உடம்பில இரும்பிருந்தால் கிட்டவும் விடமாட்டினம். என்னை ஒருக்கா நாரிக்கு எடுக்கக் கொண்டுபோயிட்டு, இடுப்பில சண்டை நேரத்து ஷெல் பீஸ் இருக்கெண்டு வாசலோட திருப்பி அனுப்பினவை. உங்களுக்கும் முதுகில பீஸ் எண்டு சொல்லுங்கோ. எங்கட பக்கத்தில ஆர் இல்லையெண்டு சொல்லுவினம்?"

"எனக்கு இல்லையே."

"அது உங்களுக்கும் எனக்கும்தானே தெரியும்."

இந்த யோசனை வீரகத்திக்குப் பிடித்தது. யாரையும் நோகடிக்காத பொய். அன்று பின்னேரமே சாரங்காவுக்குத் தொலைபேசி எடுத்து, முதுகில் ஒரு பீஸ் இருக்கிறதென்றும், அதைத் தான் மறந்தே போயிருந்ததாகவும் சொன்னார். தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினால், குசினி வாசலில் அகப்பையோடு நின்றாள் சிவனேஸ்வரி.

"முதுகில பீஸோ?"

"சின்னப் பீஸ்."

"இத்தனை வருசமா எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"நீர் கவலைப்படுவீர் எண்டுதான்."

அவளுடைய கண் கலங்கிவிட்டது. வீரகத்தி அதைச் சற்றும் எதிர்பார்க்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டாள்: "அப்ப உங்களை அந்தப் படத்துக்கு எடுக்கமாட்டினமோ?"

"எடுக்கமாட்டினமாம். என்ன செய்யிறது."

அன்றிலிருந்து அவரை ஒரு வாளி தண்ணீர் தூக்கவும் அவள் விடவில்லை. குனிந்தால் ஓடி வந்தாள். முதுகில் படாதபடி தலையணை தைத்தாள். அக்கம்பக்கத்தில் இருந்து பால்மா டின்னும் பழமும் கொண்டுவந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஊரே வந்து போகிறபோது உமிக் கொட்டிலுக்குப் போவது எப்படி? வீரகத்தி சாய்மனைக் கதிரையில் கிடந்து முனகப் பழகினார்.

பிறகு ஒரு காலையில் சிவனேஸ்வரி வெளிக்கிட்டு வந்து நின்றாள். "எழும்புங்கோ, எக்ஸ்ரே எடுப்பம். இருக்கிற இடத்தைப் பாத்தால் எடுக்கலாமோ எண்டு டொக்டரிட்டக் கேக்கலாம்."

"இவ்வளவு நாளும் இருந்திட்டுது. இருக்கட்டுமே."

"இருக்கேலாது," என்றாள் அவள். அந்தக் குரலை வீரகத்தி அறிவார். உடுப்புப் பை கட்டிய அன்றும் அதே குரல்தான்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மேலும் கீழும் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"பீஸ் எண்டு ஆர் சொன்னது?"

வீரகத்தி சட்டைப் பொத்தானைப் பூட்டத் தொடங்கினார்.

"ஒரு குண்டூசி கூட இல்லை. வடிவான முதுகு."

இதோடு பிடிபட்டேன் என்று வீரகத்தி தலையைக் குனிந்தார். ஆனால் சிவனேஸ்வரி அந்தப் படத்தை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"நாகதம்பிரான் எடுத்துப்போட்டார்," என்றாள் மெல்ல. "போன திங்கள்தான் நேந்தனான்."

டொக்டர் எதுவோ சொல்ல வாயெடுத்து, அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

அடுத்த திங்கட்கிழமை கோயிலில் பொங்கல். எந்தச் சந்நிதியில் பொய்ச் சத்தியம் செய்தாரோ, அதே சந்நிதியில் பட்டுவேட்டியோடு நின்று, இல்லாத பீஸை எடுத்துத் தந்ததற்கு நன்றி சொன்னார் வீரகத்தி. கண்ணை மூடவே பயமாக இருந்தது. மூடினால் படம் எடுத்த பாம்பு தெரிந்தது. ஐயர் திருநீறு தரும்போது அவருடைய முதுகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பொங்கல் புக்கை வாங்க வந்த கூட்டத்தில் விஜிதரனும் நின்றான். வாழையிலையோடு அவரைத் தேர்முட்டிப் பக்கம் ஒதுக்கிக்கொண்டு போனான்.

"அண்ணை, மெய்யாவே போட்டுதோ?"

"என்ன போட்டுதோ?"

"பீஸ். எனக்கும் ஒரு பொங்கல் வைச்சுப் பாக்கட்டோ எண்டு யோசிக்கிறன். மழைக் காலத்தில இடுப்பு சரியான உளைவு."

"டேய், நீதானே அந்தப் பொய்யையே சொல்லித் தந்தனி."

"ஓம்," என்றான் விஜிதரன் யோசனையோடு. "ஆனாலும் எக்ஸ்ரேயில இல்லையெண்டு வந்திருக்கல்லோ."

அவனோடு கதைத்துப் பயனில்லை என்று வீரகத்தி விட்டுவிட்டார்.

சாரங்காவின் மகிழ்ச்சிதான் எல்லாவற்றிலும் பெரிதாக இருந்தது. எக்ஸ்ரே செய்தி கேட்டு அவளே வீட்டுக்கு வந்துவிட்டாள். "உங்களுக்கு விளங்காது ஐயா. இந்த மாவட்டத்தில உங்கட வயசில, சூதும் ஆடாமல், உடம்பில இரும்பும் இல்லாமல் ஒராளைப் பிடிக்கிறது எவ்வளவு கஷ்டம் தெரியுமோ? நீங்கள் எங்களுக்குத் தங்கம்."

தங்கத்துக்குத் திகதி குறிக்கப்பட்டது.

இனித் தப்ப வழியில்லை என்றானபின், மூளையைத்தான் பழக்கவேண்டும் என்று இருவரும் முடிவு கட்டினார்கள். சீட்டைக் கண்டதும் துள்ளுகிற மூளை படத்தில் துள்ளிக் காட்டிவிடும். அதைத் துள்ளாமல் இருக்கப் பழக்கினால் சரி.

"சீட்டைப் பாக்கேக்க செத்தவீட்டை நினையுங்கோ அண்ணை," என்றான் விஜிதரன். "இல்லாட்டி யூரியாவை நினையுங்கோ."

பழக்குவதென்றால் விளையாடித்தானே பழக்கவேண்டும். ஆகவே முன்னர் இடைக்கிடை போனவர், இப்போது தவறாமல் உமிக் கொட்டிலுக்குப் போகத் தொடங்கினார். மடியில் சீட்டை விரித்துவைத்துக்கொண்டு, யூரியா, பொட்டாசியம், நெல்லில் விழுகிற மடிச்சுக்கட்டிப் பூச்சி என்று மனதுக்குள் ஓதினார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அவருடைய கையில் நல்ல சீட்டா கெட்ட சீட்டா என்று எதிராளிகளுக்குப் பிடிபடவேயில்லை. விளைவு, வீரகத்தி வெல்லத் தொடங்கினார். வாழ்க்கையில் வென்றதேயில்லை என்று சொல்லத்தக்க மனிதர், போன நாளெல்லாம் வென்றார். வெல்ல வெல்ல யூரியா மறந்துபோனது. தோற்றவர்கள் பழிதீர்க்க இன்னும் ஒரு ஆட்டம், இன்னும் ஒரு ஆட்டம் என்று பிடித்து வைத்தார்கள். சீட்டை விட்டு விலகப் பழகப்போய், கனவிலும் துரும்புச் சீட்டுக் கேட்கிற நிலைக்கு வந்து சேர்ந்தார்.

வீட்டிலும் இடைவெளி கிடைத்தபோதெல்லாம் கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். சிவனேஸ்வரி அதைத் தியானம் என்று நினைத்தாள். அவள் ஊரில் சொல்லியிருக்கவேண்டும். கிராம அபிவிருத்திச் சங்கத்திலிருந்து ஆள் வந்து, சூதின் தீமை பற்றி இளைஞர்களுக்கு ஒரு நாள் பேசவேண்டும் என்று கேட்டார்கள். பேசினார். மிக நன்றாகப் பேசினார். சூதாடுகிறவன் எப்படிப் பொய் சொல்வான், எந்த வழியால் சுற்றி வீட்டுக்கு வருவான், மனைவியின் முகத்தை எப்படிப் பார்க்காமல் சாப்பிடுவான் என்று அவர் சொல்லச் சொல்ல முன்வரிசைப் பெண்கள் தலையாட்டினார்கள். பின்வரிசையில் உமிக் கொட்டில் முழுவதும் இருந்து கைதட்டியது.

படம் எடுக்கும் நாள் வந்தது. விஜிதரனின் ஓட்டோவில் கணவனும் மனைவியும் கிளிநொச்சிக்குப் போனார்கள். ஏ9 வீதியோரம் ஸ்கான் நிலையத்துக்கு முன்னால் ஓட்டோ நின்றதும், சிவனேஸ்வரி இறங்கவில்லை.

"நீங்கள் போட்டு வாங்கோ. உந்த மருந்து மணம் எனக்குத் தலையிடி. நான் இஞ்ச இருக்கிறன்."

"தனியவோ?"

"என்ன பயம்? இந்தாங்கோ, சொக்ஸ். உள்ளுக்க கால் விறைக்கும். காதுக்கு அடைக்கத் தருவினம், வடிவா அமத்தி வையுங்கோ. டமார் டமார் எண்டு அடிக்கும், திடுக்கிடாதேங்கோ. தலையை மட்டும் ஆட்டாதேங்கோ."

தனக்காக அவள் எவ்வளவு விசாரித்து வைத்திருக்கிறாள் என்று வீரகத்தி எண்ணிக்கொண்டார். இப்படிப்பட்டவளுக்கா துரோகம் செய்தேன் என்று நெஞ்சு குத்தியது. சொக்ஸை வாங்கிக்கொண்டு, பலிக்கடாவைப் போல உள்ளே போனார்.

உள்ளே அவரைப் பொறுப்பெடுத்தவள் கலிஸ்ரா. முல்லைத்தீவுக் கரையோரத்துப் பிள்ளை. மெசின் இயக்கப் படித்துவிட்டு அண்மையில்தான் வேலைக்கு வந்தவள். மோதிரம், அரைஞாண், சட்டைப் பையில் இருந்த சில்லறை எல்லாவற்றையும் வாங்கிக் கிண்ணத்தில் போட்டாள். கையில் ஒரு ரப்பர் உருண்டையைக் கொடுத்தாள்.

"ஏலாமல் வந்தால் மட்டும் இதை அமத்துங்கோ ஐயா. நாங்கள் உடன வெளியில எடுப்பம்."

பெரிய குழாய்க்குள் அவரைத் தள்ளினார்கள். முகத்துக்கு மேலே ஒரு கண்ணாடி. அதில் இரண்டு சீட்டுக்கட்டுத் தெரிந்தது. இடப்பக்கமா வலப்பக்கமா என்று பொத்தானை அமுக்கினால், ஒரு சீட்டுத் திரும்பி, வென்றீர்கள் அல்லது தோற்றீர்கள் என்று புள்ளி காட்டும். அவ்வளவுதான்.

வீரகத்தி யூரியாவை நினைத்தார். வலப்பக்கத்தை அமுக்கினார். சின்ன வெற்றி. பொட்டாசியத்தை நினைத்தார். மீண்டும் வலப்பக்கம். சின்ன வெற்றி. இப்படியே போனால் தப்பிவிடலாம் என்று நிம்மதி வந்தது. அந்த நிம்மதியில் சும்மா ஒருதரம் இடப்பக்கத்தை அமுக்கிப் பார்த்தார். ஒரேயடியாகப் பெரிய வெற்றி. புள்ளி குவிந்தது.

அதோடு யூரியா போய்விட்டது.

அடுத்ததும் இடப்பக்கம். பெரிய தோல்வி. விடுவாரா? மறுபடியும் இடப்பக்கம். அதைவிடப் பெரிய தோல்வி. மெசின் டமார் டமார் என்று அடித்தது அவருக்குக் கேட்கவேயில்லை. உமிக் கொட்டிலில் இருந்தார் அவர்.

"வெட்டடா விஜி," என்றார் உரத்து.

ஒலிபெருக்கியில் சாரங்காவின் குரல் வந்தது. "ஐயா, ஆரை வெட்டிறது?"

"ஒண்டுமில்லைப் பிள்ளை."

"தலையை ஆட்டாதேங்கோ. படம் கலங்குது."

ஆட்டவில்லை. ஆனால் அடுத்த தோல்வி வந்தபோது அவரை அறியாமலே கை இறுகியது. ரப்பர் உருண்டை அமுங்கியது. எங்கோ மணி அடித்தது. கலிஸ்ரா ஓடிவந்து அவரை வெளியே இழுத்தாள்.

"என்ன ஐயா? மூச்சு முட்டுதோ?"

"மூச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றார் வீரகத்தி வியர்வையோடு. "உந்த இடப்பக்கக் கட்டைத்தான் வடிவாக் கலைக்கேல்லை. ஒருக்காக் குலுக்கிப் போடச் சொல்லு பிள்ளை."

கலிஸ்ரா கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் இருந்த சாரங்காவைத் திரும்பிப் பார்த்தாள். சாரங்கா இவரைப் பார்த்தாள். வீரகத்தி தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். பொத்தி என்ன பயன்.

கொஞ்ச நேரம் கழித்து அவரைக் கணினிக்கு முன்னால் இருத்தினார்கள். திரையில் வெட்டிவைத்த பலாக்காய் மாதிரி ஒரு மூளை. அதன் நடுவில் சிவப்பும் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாக எரிந்துகொண்டிருந்தது. கலராகவே வரும் என்று அவள் சொன்னது சரி. சாரங்கா நெற்றியைச் சுருக்கித் திரையை உற்றுப் பார்த்தாள்.

"ஐயா, உங்களிட்ட ஒண்டு கேக்கலாமோ?"

வீரகத்தி உடைந்துபோனார்.

"கேக்க வேண்டாம் பிள்ளை, நானே சொல்லுறன். அந்தச் சிவப்பு உமிக் கொட்டில். மஞ்சள் லான்ட் மாஸ்டர். நான் சின்ன வயசில இருந்து காட்ஸ் விளையாடுறவன். கோயிலில சத்தியம் பண்ணிப்போட்டும் விளையாடினனான். பீஸும் பொய். பொங்கலும் பொய். தியானமும் பொய். போன கிழமை பேசின பேச்சு மட்டும்தான் உண்மை, ஏனெண்டால் அது என்ர கதை."

 சாரங்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். சிரிப்பை அடக்குகிறாள் என்பது தெரிந்தது.

"ஐயா, ஒராளின்ர படத்தை வைச்சு அவர் சூதாடுறவரோ இல்லையோ எண்டு ஒருத்தராலும் சொல்லேலாது. கன பேரின்ர படத்தைச் சேர்த்துப் பாத்தால்தான் ஏதும் விளங்கும். உங்கட படத்தில எனக்குத் தெரிஞ்சது ஒண்டே ஒண்டுதான். தலை ஆடியிருக்கு. இன்னொருக்கா எடுக்கலாமோ எண்டுதான் கேக்க வந்தனான்."

 வீரகத்தி தலையில் கைவைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்தது. இத்தனை நாளும் சுமந்த மூட்டையை யாரும் கேட்காமலே இறக்கி வைத்தாயிற்று. இறக்கிய பிறகு தோள் சுகமாகத்தான் இருந்தது.

"அப்ப நான் உங்களுக்குப் பிரயோசனம் இல்லை."

"உண்மை சொன்னதுக்குச் சந்தோசம் ஐயா. ஆனால் சூதாடாத ஆக்களோட உங்கட படத்தைச் சேர்க்கேலாது."

"சேர்க்க வேண்டாம். எறியுங்கோ." அவர் எழுந்து இருவருக்கும் முன்னால் கைகூப்பினார். "ஒரு உதவி மட்டும். இது என்ர மனுசிக்குத் தெரியவேண்டாம். நானே நல்ல நேரம் பாத்துச் சொல்லுறன். அவா வெளியில ஓட்டோவில இருக்கிறா. அவாவின்ர தலையைப் படம் எடுத்தியளெண்டால் வெள்ளை வெளேரெண்டுதான் இருக்கும் பிள்ளையள். ஒரு கள்ளம் இல்லை. இந்த மனுசனை நம்பி, ஊரெல்லாம் சொல்லித் திரியிறா."

சாரங்கா சட்டென்று குனிந்து மேசையில் எதையோ தேடத் தொடங்கினாள். கிண்ணத்தில் இருந்த மோதிரத்தையும் சில்லறையையும் நீட்டிக்கொண்டு நின்ற கலிஸ்ராவோ, சாரங்கா மேசைக்குக் கீழே காலால் தட்டியதை உணராமல், உண்மையான கவலையோடு சொன்னாள்:

"நாங்கள் ஒரு வீட்டில சூதாடுற ஒராளையும் சூதாடாத ஒராளையும் சோடியாத்தான் ஐயா எடுக்கிறனாங்கள், இப்ப உங்கட படத்தை எறிஞ்சால், போன மாதம் வந்து எடுத்த, ஓட்டோவில இருக்கிற அம்மாவின்ர படத்தையும் எல்லோ எறிய வேணும்."